சிறைக்காவலரும் அவர்தம் வீட்டாரும்: ராபன் தீவின் வரலாறு எழுப்பும் ஒரு வினா

அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரத்தில் பிலிப்பி நகரத்துச் சிறைச்சாலைக்காரன் ஒருவனைச் சந்திக்கிறோம். அவன் பெயர் நமக்குக் கூறப்படவில்லை. பவுலையும் சீலாவையும் உட்காவலறையில் அடைத்து, அவர்கள் கால்களைத் தொழுமரத்தில் மாட்டியவன் அவன். அதே இரவில் அவர்களுடைய காயங்களைக் கழுவியவனும் அவனே. லூக்கா இவ்வரலாற்றைக் கூறுகையில் ஒரு செய்தியை மீண்டும் மீண்டும் வற்புறுத்துகிறார். அவன் தனியன் அல்லன். அவனுக்கு வீட்டார் இருந்தனர். வசனம் அவ்வீட்டாருக்கும் கூறப்பட்டது. ஞானஸ்நானம் அவர்களுக்கும் அளிக்கப்பட்டது. பந்தியின் மகிழ்ச்சியிலும் அவர்கள் பங்குற்றனர்.

இப்பகுதியை நாம் பிரசங்கிக்கும்போது நில அதிர்ச்சியைப் பற்றிப் பேசுகிறோம். நள்ளிரவுத் துதியைப் பற்றிப் பேசுகிறோம். ஆனால் வேறொரு வினாவை நாம் எழுப்புவதில்லை. முந்தின மாலையில் அம்மனிதன் என்ன வேலை செய்துவிட்டு வீடு திரும்பினான் என்பதை அவ்வீட்டார் அறிந்திருந்தனரா? அடிக்கப்பட்ட முதுகுகளை அவர்கள் அதற்கு முன் எத்தனை முறை கண்டிருந்தனர்? சிறைக்காவலரின் குடும்ப வரலாற்றை ஆராயப் புகுவோர் எவராயினும் இவ்வினாவைத் தவிர்க்க இயலாது. நம் காலத்துக்கு மிக அண்மையிலுள்ள ஒரு தீவுச் சிறையைக் கொண்டு இதனைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. தீவும் அதன் கைதிகளும்

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகருக்கு எதிரே, டேபிள் விரிகுடாவில் ராபன் தீவு அமைந்துள்ளது. டச்சு மொழியில் 'ராபன்' என்பது கடல்நாய்களைக் குறிக்கும். தீவின் பரப்பு ஏறத்தாழ 5 சதுர கிலோமீட்டர்; மிக அருகிலுள்ள கரையிலிருந்து ஏறத்தாழ 7 கிலோமீட்டர். கரையில் நிற்பவர் தீவைக் காணலாம். தீவில் நிற்பவர் நகரத்தையும் அதன் பின்னுள்ள தட்டை மலையையும் காணலாம். குளிர்ந்த நீரோட்டமும் பாறைகளும் இடையில் மதிலாக நிற்கின்றன.

1652இல் டச்சுக்காரர் நன்னம்பிக்கை முனையில் குடியேறினர். அதற்கு ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1658இல், கோய்கோய் இனத்தலைவரும் மொழிபெயர்ப்பாளருமான ஆட்சுமாட்டோ இத்தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். பின்னர் இந்தோனேசியத் தீவுகளில் டச்சுக் கம்பெனியை எதிர்த்த இஸ்லாமியத் தலைவர்களும் இங்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் மதுரா இளவரசர் என்று அறியப்பட்டவர் 1754இல் தீவிலேயே காலமானார். இந்த மதுரா இந்தோனேசியத் தீவுகளுள் ஒன்று; நம் மதுரையன்று. 1819இல் ஆங்கிலேயர் படையோடு பொருத கோசா இனத்துத் தீர்க்கர் மக்கானாவும் இங்கேயே அடைக்கப்பட்டு, மறு ஆண்டு படகில் தப்ப முயன்று கடலில் மாண்டார்.

1846 முதல் 1931 வரை இத்தீவு ஒருவகை மருத்துவமனையாக இருந்தது. தொழுநோயாளரும் மனநோயாளரும் நாட்பட்ட நோயுற்ற ஏழைகளும் இங்குக் குடியேற்றப்பட்டனர். 1892 முதல் தொழுநோயாளரைச் சட்டம் கட்டாயமாகவே ஒதுக்கிவைத்தது. மருத்துவமனை என்று பெயர் பெற்றாலும், உள்ளே வந்தவர் வெளியே செல்ல இயலாமையால் அதுவும் சிறையே.

இரண்டு ஆலயங்கள் இத்தீவில் இன்றும் நிற்கின்றன. ஒன்று 1841இல் கைதிகளின் உழைப்பால் எழுப்பப்பட்டது. தீவில் பணியாற்றிய அலுவலரும் அவர்தம் குடும்பத்தாரும் அதில் வழிபட்டனர். மற்றொன்று 1895இல் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஹெர்பர்ட் பேக்கர் வரைந்த திட்டப்படி தொழுநோயாளருக்கென்று கட்டப்பட்ட நல்மேய்ப்பர் ஆலயம். காப்போருக்கு ஓர் ஆலயம், காக்கப்படுவோருக்கு ஓர் ஆலயம் என்று ஒரே சிறு தீவில் நற்செய்தி இரண்டு கூரைகளின் கீழ் அறிவிக்கப்பட்டது. பின்னர் நடந்தவற்றின் விதையை இதிலேயே காணலாம்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் படைத்தளமாயிருந்த தீவு, 1961 முதல் சிறைத்துறையின் பொறுப்பில் வந்தது. 1991 வரை அரசியல் கைதிகளும், 1996 வரை பிற கைதிகளும் இங்கு இருந்தனர். 1997இல் அது அருங்காட்சியகமாயிற்று; 1999இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. நெல்சன் மண்டேலா 1964இல் ஆயுள் தண்டனை பெற்று இங்கு வந்து 1982 வரை பதினெட்டு ஆண்டுகளை இத்தீவில் கழித்தார்.

2. காவலர் எங்கிருந்து வந்தனர்?

கைதிகளின் வரலாறு பல நூல்களில் எழுதப்பட்டுள்ளது, அது முறையே. ஆனால் அவர்களைக் காத்தோர் யார்? தொடக்கத்தில் கலப்பினக் காவலர் சிலர் தீவில் பணியாற்றினர். அவர்கள் கைதிகள்பால் இரக்கம் காட்டியமையால் அகற்றப்பட்டனர். 1964இல் மண்டேலா மீண்டும் வந்தபோது காவலர் யாவரும் வெள்ளையர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்கான்ஸ் மொழி பேசியோர்; டச்சு சீர்திருத்தத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றோர்; பலர் பதினெட்டு, பத்தொன்பது வயதினர்.

இவர்களுடைய பாட்டன் பாட்டியரின் வரலாற்றை நோக்குவோமாயின் திடுக்கிடச் செய்யும் ஓர் உண்மை வெளிப்படும். 1899 முதல் 1902 வரை நடந்த போரில் பிரிட்டிஷ் படை போயர் இனத்தாரின் பண்ணைகளை எரித்து, பெண்களையும் குழந்தைகளையும் முகாம்களில் அடைத்தது. அம்முகாம்களில் ஏறத்தாழ 28,000 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் குழந்தைகள். பிடிபட்ட ஆண்கள் கடல்கடந்து அனுப்பப்பட்டனர். செயின்ட் ஹெலினா, பெர்முடா ஆகிய தீவுகளுக்கும், இலங்கையின் தியத்தலாவைக்கும், இந்தியாவுக்கும் அவர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். நம் திருச்சிராப்பள்ளியிலும் நீலகிரியின் கேத்தியிலும் போயர் கைதிகளின் முகாம்கள் இருந்தன. தம் மண்ணிலிருந்து பிரிக்கப்பட்டு, முள்வேலிக்குள் சங்கீதங்களைப் பாடிய அம்மக்களை நம் முன்னோர் கண்ணாரக் கண்டிருப்பர்.

ஆகவே ராபன் தீவின் காவலர் எத்தகைய மக்களிடமிருந்து தோன்றினர் எனின், தீவுச் சிறையையும் முகாமையும் தம் எலும்பிலே உணர்ந்த மக்களிடமிருந்து தோன்றினர். அந்த நினைவு அவர்களை இரக்கமுள்ளோராக்கியிருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்போம். எகிப்திலே அந்நியராயிருந்தவர்கள் அந்நியனின் உள்ளத்தை அறிவார்கள், ஆகையால் அவனை ஒடுக்கலாகாது என்று யாத்திராகமம் 23ஆம் அதிகாரம் இஸ்ரவேலுக்குக் கட்டளையிடுகிறது. துன்ப நினைவு தானாகவே இரக்கமாக மாறிவிடுமாயின் இக்கட்டளைக்கே தேவையிருந்திராது. துன்ப நினைவு இரண்டு வழிகளில் செல்லக்கூடும். ஒன்று, இது எவருக்கும் நேரலாகாது என்பது. மற்றொன்று, இது எங்களுக்கு மீண்டும் நேரலாகாது என்பது. ஆப்பிரிக்கானர் மக்களின் பொது நினைவு இரண்டாம் வழியில் சென்றது. 1913இல் புளூம்ஃபொன்டெயின் நகரில் தம் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அவர்கள் நினைவுத்தூண் எழுப்பினர். அதே போரில் கறுப்பினத்தாருக்கென்று தனி முகாம்கள் இருந்தன. அவற்றில் குறைந்தது 14,000 பேர் மாண்டனர். அவர்களை அந்நினைவு ஏற்கவில்லை.

போருக்குப் பின் வறுமை வந்தது. நிலமிழந்து பிறர் பண்ணையில் ஒண்டி வாழ்ந்தோர் பலர். 1932இல் வெளிவந்த கார்னகி ஆய்வுக்குழுவின் அறிக்கை, நாட்டின் ஏறத்தாழ 18 லட்சம் வெள்ளையருள் 3 லட்சம் பேர் கடும் வறுமையில் உள்ளனர் என்று கணித்தது. இந்த ஆய்வில் டச்சு சீர்திருத்தத் திருச்சபை பெரும் பங்கு கொண்டது. தன் மந்தையின் ஏழைகள்மீது அது கொண்ட கரிசனை உண்மையானதே. ஆனால் கிடைத்த பரிகாரம் யாது? வெள்ளை ஏழைக்கு இரயில்வேயிலும் காவல்துறையிலும் சிறைத்துறையிலும் வேலை ஒதுக்கப்பட்டது. அதன் விலையைக் கறுப்பின ஏழை செலுத்தினார். சீருடையும் மாதச் சம்பளமும் வீடும் தரும் சிறைத்துறை, படிப்பைப் பாதியில் நிறுத்திய பண்ணைச் சிறுவனுக்கு ஓர் அடைக்கலமாயிற்று. தந்தையைப் பின்பற்றி மகனும், அண்ணனைப் பின்பற்றித் தம்பியும் அத்துறையில் சேர்வது இயல்பாயிற்று.

3. கிராமமும் சிறைக்கூடமும்

தீவின் தென்கிழக்கில் காவலரின் கிராமம் இருந்தது. மணமானோருக்கு வீடுகள், மணமாகாதோருக்கு விடுதி, கடை, ஆலயம், விளையாட்டிடம், தொடக்கப்பள்ளி ஆகிய யாவும் அங்கு இருந்தன. படகே அவர்களுடைய பேருந்து. அவற்றுள் ஒன்றுக்கு அப்போதைய நீதித்துறை அமைச்சரின் மனைவியின் பெயரே சூட்டப்பட்டிருந்தது. கதவைப் பூட்டத் தேவையில்லாத பாதுகாப்பான ஊரில், கடற்கரையில் மீன் பிடித்தும் ஓடியாடியும் வளர்ந்தோம் என்று காவலரின் பிள்ளைகள் கூறினால், அதனை நாம் பொய்யென்று தள்ளலாகாது. ஒரு குழந்தையின் இன்பம் பொய்யன்று.

ஆனால் அதே தீவில், சிறிது தொலைவில் நிலவிய விதிகளை அதனருகே வைத்து நோக்க வேண்டும். 1960களில் கடைநிலைப் பிரிவில் வைக்கப்பட்ட அரசியல் கைதி ஆறு மாதங்களுக்கு ஒரு கடிதம் எழுதலாம், ஒரு கடிதம் பெறலாம். அது 500 சொற்களுக்கு மேற்படலாகாது. ஆறு மாதங்களுக்கு ஒருமுறை ஒருவரை அரைமணி நேரம் காணலாம், தொடுதல் இல்லை. இரண்டு வயதுக்கு மேல் பதினாறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் வரலாகாது. 1968இல் மண்டேலாவின் தாயார் காலமானார். மறு ஆண்டு அவருடைய மூத்த மகன் விபத்தில் மாண்டார். இரு அடக்க ஆராதனைகளுக்கும் செல்ல அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அகமது கத்ராதா என்னும் கைதி, தமக்குச் சிறையில் மிகுந்த வேதனை தந்தது குழந்தைகளைக் காணாமையே என்று பின்னாளில் பலமுறை கூறியுள்ளார். பள்ளி மணியடித்துப் பிள்ளைகள் ஓடிவரும் தீவிலேதான், குழந்தையின் முகத்தைக் காணாமல் மனிதர் பல்லாண்டுகள் வாழ்ந்தனர்.

உணவிலும் உடையிலும் நிறவேற்றுமை இருந்தது. இந்தியருக்கும் கலப்பினத்தாருக்கும் நீண்ட காற்சட்டையும் ரொட்டியும் உண்டு. ஆப்பிரிக்கருக்கு அரைக்காற்சட்டையே, ரொட்டி இல்லை. வளர்ந்த ஆப்பிரிக்கர் சிறுவரே என்பது அவ்வுடையின் பொருள். காவலரைக் கைதிகள் 'பாஸ்', அதாவது எசமான், என்று விளிக்க வேண்டுமென்பது எதிர்பார்ப்பு, பலர் மறுத்தனர், மறுத்தமைக்காக அடிபட்டனர். ஜான்சன் மிலாம்போ என்னும் கைதியைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து, சொல்லவும் கூசும் முறையில் காவலர் இழிவுபடுத்தினர். 1960களின் தொடக்கத்தில் கொடுமைக்குப் பெயர்பெற்றிருந்தோர் ஒரே குடும்பத்துச் சகோதரர்.

மாலையில் அவர்கள் வீடு திரும்பினர். உணவுக்கு முன் ஜெபித்தனர். திருமறை வாசித்தனர். பிலிப்பியின் வினா இங்கே மீண்டும் எழுகிறது: வீட்டார் அறிந்திருந்தனரா?

4. இரண்டு குடும்பங்கள்

இவ்வரலாறு நமக்கு மிகத் தொலைவிலுள்ளது என்று எண்ண வேண்டா. 1963இல் ராபன் தீவுக்கு அனுப்பப்பட்ட கைதிகளுள் இந்திரஸ் நாயுடு என்பவரும் ஒருவர். பத்தாண்டுகள் முழுமையும் அங்குக் கழித்து 1973இல் விடுதலையானார். தம் சிறை அனுபவங்களை 1982இல் நூலாக வெளியிட்டார். இவர் தம்பி நாயுடுவின் பேரன். தம்பி நாயுடு 1875இல் மொரீஷியஸில் பிறந்து, டிரான்ஸ்வாலில் குடியேறி, தென்னாப்பிரிக்கத் தமிழரின் தலைவராய் விளங்கியவர். காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தில் மீண்டும் மீண்டும் சிறை புகுந்தவர். அவருடைய துணைவியாரும் 1913இல் சிறை சென்றார். ஆக, சிறையைக் குடும்பச் சொத்தாகப் பெற்ற ஓர் இல்லம் இது. அங்கே பிள்ளைகள், பாட்டனார் ஏன் சிறை சென்றார் என்பதைக் கேட்டு வளர்ந்தனர். சிறை பெருமையோடு சொல்லப்பட்ட சொல்.

மற்றோர் இல்லத்தையும் நோக்குவோம். கிறிஸ்டோ பிராண்ட் ஒரு பண்ணை மேற்பார்வையாளரின் மகன். பண்ணையில் கலப்பினத் தொழிலாளரின் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர். கட்டாயப் படைச்சேவையைத் தவிர்ப்பதற்காகவே சிறைத்துறையில் சேர்ந்ததாக அவரே கூறியுள்ளார். 1978இல் பதினெட்டு வயது இளைஞராகத் தீவுக்கு வந்தபோது, தாம் காக்கப்போகும் மனிதர் யாரென்று அவர் அறியார். அப்போது மண்டேலாவுக்கு அறுபது வயது. ஒருமுறை வின்னி மண்டேலா தம் பேத்தியாகிய கைக்குழந்தையைப் போர்வைக்குள் மறைத்துக் கொணர்ந்தார். விதி அதற்கு இடங்கொடாது. பிராண்ட் அக்குழந்தையை எடுத்துச் சென்று, சில நொடிகள் பாட்டனாரின் கைகளில் தந்தார். இருவரும் அதனை எவரிடமும் சொல்லவில்லை. பின்னாளில் புதிய அரசமைப்பை வகுத்த மன்றத்தின் அலுவலகத்திலும், அதன்பின் ராபன் தீவு அருங்காட்சியகத்திலும் அவர் பணியாற்றினார்.

இவ்விரு இல்லங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு இரத்தத்தின் வேறுபாடன்று; சொல்லப்பட்ட கதையின் வேறுபாடு. ஓரில்லத்தில் நீதியைக் குறித்த கதை மேசையருகே கூறப்பட்டது. மற்றதில் அக்கதை கூறப்படவேயில்லை. இளைஞர் அதனைக் கைதிகளிடமிருந்து கற்க நேர்ந்தது. பள்ளிப்படிப்பு முடியாத காவலர் பலருக்குக் கைதிகளே பாடங்களில் உதவினர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. கைதிகள் காவலரின் மொழியைக் கற்றனர். அவர்கள் வரலாற்றைப் படித்தனர். போயர் படைத்தலைவரின் தீரத்தைப் பற்றி அவர்களோடு உரையாடினர்.

கொடியவரென்று பெயர்பெற்ற அதிகாரி பேடன்ஹார்ஸ்ட் 1971இன் இறுதியில் மாற்றலாகிச் செல்லும்போது, கைதிகளுக்கு நன்மை உண்டாகுக என்று மனிதத்தன்மையோடு விடைபெற்றார் என மண்டேலா தம் வரலாற்றில் எழுதுகிறார். அவருடைய கொடுமை பிறவிக்குணமன்று, கொடுமைக்குப் பரிசளித்த ஓர் அமைப்பு அவரை அவ்வாறாக்கியது என்பது மண்டேலாவின் முடிவு. பாவம் தனிமனிதனின் உள்ளத்தில் மட்டுமன்றி அமைப்புகளிலும் குடிகொள்ளும் என்று நாம் வகுப்பறையில் போதிப்பதை, சிறைவாசி ஒருவர் தம் பகைவரின் முகத்திலேயே கண்டுணர்ந்தார்.

5. திருச்சபை எங்கே நின்றது?

காவலரின் வீட்டில் அக்கதை கூறப்படாமைக்கு யார் பொறுப்பு? இங்குத் திருச்சபை விலகி நிற்க இயலாது. 1857இல் கேப் பகுதியின் டச்சு சீர்திருத்தச் சினாடு ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. எல்லா விசுவாசிகளும் ஒன்றாய் வழிபடுவதே திருமறைக்கு ஒத்தது என்று அது ஒப்புக்கொண்டது. எனினும் சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு, நிறத்தாருக்குத் தனி வழிபாடும் தனித் திருவிருந்தும் அனுமதிக்கப்படலாம் என்றது. 1881இல் அது தனித் திருச்சபையாகவே உருவெடுத்தது. பலவீனத்துக்கு அளிக்கப்பட்ட சலுகை, நூறாண்டுகளுக்குள் கோட்பாடாயிற்று. கோட்பாடு 1948க்குப் பின் நாட்டின் சட்டமாயிற்று. திருவிருந்து மேசையில் போடப்பட்ட கோடு, தீவில் வேலியாக நின்றது.

எதிர்ப்புக் குரல்களும் எழுந்தன. 1960இல் ஷார்ப்பெவில்லில் 69 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர்; அதே ஆண்டின் இறுதியில் காட்டெஸ்லோவில் கூடிய திருச்சபைகள் இனவொதுக்கலைக் கேள்விக்குட்படுத்தின. போதகர் பேயர்ஸ் நவுடே தம் சபையின் உயர்பதவியைத் துறந்து, 1963இல் கிறிஸ்தவ நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 1977இல் அரசு அதனையும் அவரையும் தடைசெய்தது. மெதடிஸ்ட் திருச்சபையின் உபதேசியார் ராபர்ட் சோபுக்வே, தண்டனைக்காலம் முடிந்த பின்னும், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்ட ஒரு சிறப்புச் சட்டத்தால் 1963 முதல் 1969 வரை ராபன் தீவில் ஒரு வீட்டில் தனியாக வைக்கப்பட்டார். 1982இல் வரையப்பட்டு 1986இல் ஏற்கப்பட்ட பெல்ஹார் அறிக்கை, இப்பிரிவினையை விசுவாசத்துக்கே மாறானதென்று அறிவித்தது. 1990இல் ரஸ்டன்பர்க் மாநாட்டில் இறையியலாளர் வில்லி யோங்கர் தம் குற்றத்தையும் தம் திருச்சபையின் குற்றத்தையும் வெளிப்படையாய் அறிக்கையிட்டார். பேராயர் டுட்டு அவ்வறிக்கையை ஏற்றார்.

தீவுக்கு ஞாயிறுதோறும் குருமார் வந்தனர். அவர்களுள் சிலர் கைதிகளைப் பொறுமைக்கு மட்டுமே அழைத்தனர். சிலர் நாட்செல்ல மனம் மாறினர். சீர்திருத்த மிஷன் சபையின் போதகர் ஷெஃபர் தொடக்கத்தில் கைதிகளின் போராட்டத்தை ஏளனமாய் நோக்கியவர். அவர்களோடு வாதிட்டு வாதிட்டு அவர்களைப் புரிந்துகொண்டார். போதகர் கைதியை மாற்றச் சென்றார். கைதி போதகரை மாற்றினார். சிறைப்பணிக்கு மாணவரை அனுப்பும் நாம் இதனை நினைவிற் கொள்வது நலம்.

1982இல் மண்டேலா போல்ஸ்மூர் சிறைக்கு மாற்றப்பட்டார். பிராண்டும் பின்னர் அங்கு மாறினார். ஆங்கிலிக்கன் குரு ஹாரி விகெட் அங்கு மண்டேலாவுக்குத் திருவிருந்து வழங்கச் சென்ற ஒரு நாளைப் பற்றிப் பின்னர் எழுதியுள்ளார். சமாதான வாழ்த்துக் கூறும் வேளையில் மண்டேலா வழிபாட்டைச் சற்று நிறுத்தச் செய்தார்; அறையில் காவலிருந்த இளைஞராகிய பிராண்டிடம் சென்று, அவர் கிறிஸ்தவரா என்று வினவினார். ஆம் என்ற விடை வந்ததும், தொப்பியைக் கழற்றிவிட்டு மேசையருகே வரும்படி அழைத்தார். திருவிருந்தில் எவரும் புறம்பே இருத்தல் தகாது, இது யாவரும் சேர்ந்து பெற வேண்டியது என்பது அவர் தந்த விளக்கம். காவலர் வந்தார், கைதியோடு அப்பத்தையும் இரசத்தையும் பெற்றார்.

1857இன் தீர்மானத்தை அருகே வைத்து இதனை நோக்குங்கள். ஒரு சினாடு பிரித்த மேசையை, நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், ஒரு சிறையறையில் ஒரு கைதி ஒன்றாக்கினார். அழைப்பு காவலரிடமிருந்து வரவில்லை, கைதியிடமிருந்து வந்தது. எனினும் இதனை மிகைப்படுத்தலாகாது. அந்நாளோடு சிறைவாசம் முடியவில்லை. 1990 பிப்ரவரி 11 வரை அது நீடித்தது. மேசை ஒன்றானது, கதவு இன்னும் பூட்டியே இருந்தது.

6. குடும்ப வரலாறும் மனந்திரும்புதலும்

இன்று பலர் தம் முன்னோரின் வரலாற்றைத் தேடுகின்றனர். காவலரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவ்வாறே பழைய ஒளிப்படங்களையும் கடிதங்களையும் சேகரிக்கின்றனர். இது நற்பணி. ஆனால் இதில் ஒரு சோதனை உண்டு. எல்லாக் காவலரும் மண்டேலாவின் நண்பராயிருந்தனர் என்று நினைவு மெல்ல மெல்ல மாறக்கூடும். ஜேம்ஸ் கிரகரி என்னும் காவலர் 1995இல் வெளியிட்ட நூல் இதற்கு ஓர் எச்சரிக்கை. அந்நூல் உலகப் புகழ் பெற்று 2007இல் திரைப்படமும் ஆயிற்று. மண்டேலா தம் நூலில் அவரை நன்றாகவே நினைவுகூர்கிறார். ஆனால் மண்டேலாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஆந்தனி சாம்ப்சன், அந்நூல் கூறும் நெருக்கம் உண்மையன்று என்று வன்மையாய் மறுத்தார். யார் கூற்று முற்றிலும் சரியென்று தீர்ப்பது நம் வேலையன்று. நாம் கவனிக்க வேண்டியது, நட்பின் கதையை உலகம் எவ்வளவு ஆவலோடு வாங்கியது என்பதே. அடியின் கதைக்கு அத்தகைய வரவேற்பு இருந்ததில்லை.

பிலிப்பியின் சிறைச்சாலைக்காரன் செய்தவற்றின் வரிசையை மீண்டும் நோக்குவோம். அவன் முதலில் காயங்களைக் கழுவினான். பின் ஞானஸ்நானம் பெற்றான். அதன்பின் பந்தி வைத்தான். கழுவ வேண்டுமாயின் விளக்கைக் கொணர்ந்து காயத்தை அருகிலே காண வேண்டும். காயத்தைக் காணாமல் பந்திக்கு விரைவோர் ஒப்புரவை அடைவதில்லை. மெய்யான குடும்ப வரலாறு என்பது காயங்களைக் கழுவும் பணி. எங்கள் தந்தை நல்லவர் என்று சொல்வதோடு நில்லாமல், எங்கள் தந்தையின் கையில் இருந்த தடி யார்மேல் விழுந்தது என்றும் அது கேட்கும். கேட்டபின்பும் அவரைத் தந்தையென்றே அழைக்கும். நான்காம் கட்டளை பெற்றோரைக் கனம்பண்ணச் சொல்கிறதென்று லூத்தரன் சபையாரும், ஐந்தாவதென்று நம்மில் பிறரும் எண்ணுகிறோம். எண் எதுவாயினும், அக்கட்டளை பொய்ச்சாட்சி சொல்லாதிருக்கும் கட்டளையை நீக்கிவிடுவதில்லை.

1997க்குப் பின் ராபன் தீவில் முன்னாள் கைதிகள் வழிகாட்டிகளாகப் பணியாற்றினர். பழைய காவலர் கிராமத்து வீடுகளில் அவர்களுள் சிலர் குடியிருந்தனர். முன்னாள் காவலர் சிலரும் அங்கு உடன் பணியாற்றினர். ஒரே தெருவில் அண்டை வீட்டாராய் வாழ்தல் எளிதன்று. ஆயினும் கைதி தன் கதையைத் தானே சொல்ல, முன்னாள் காவலர் அதனைக் கேட்டு நிற்கும் அந்த இடம், வீட்டார் அறிந்திருந்தனரா என்ற நம் வினாவுக்கு ஒருவகை விடை. அன்று அறியாதிருந்தோர் இன்று அறியலாம். அறிய மறுத்தோர் இனியும் மறுக்க வேண்டியதில்லை.

7. நம் வீட்டாரும் நாமும்

இதனைப் படிக்கும் நாம் டச்சு சபையாரைக் குறைகூறிவிட்டு எழுந்து செல்லலாகாது. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டுமென்று நிருபம் அனுப்பினார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் அதனை ஏற்க மறுத்தோர் பலர். தனி இருக்கை, கிண்ணத்தில் முந்துவோர் பிந்துவோர் என்னும் வரிசை ஆகியன நம் ஆலயங்களிலும் இருந்தன. அங்கும் பலவீனமான மனச்சாட்சிக்குச் சலுகை என்றே கூறப்பட்டது. அச்சலுகை நம்மில் எங்கெங்கே கோட்பாடாகி, கல்லறைத் தோட்டத்துச் சுவராக எழுந்தது என்பதை நம் சபைகளின் பதிவேடுகளே சொல்லும். நம் சபை வரலாறுகளை எழுதுவோர், கோயில் கட்டிய கொடையாளரின் பெயரைக் கல்லில் காண்பர். வாசலுக்கு வெளியே நின்றோரின் பெயரை எந்தக் கல்லிலும் காணார். அவர்களையும் தேடி எழுதுதல் இறையியல் மாணவரின் கடமை.

மற்றொன்று: நம் சபைகளிலும் சிறைத்துறையிலும் காவல்துறையிலும் பணியாற்றுவோர் உளர். சிறைப்பணிக்குச் செல்லும் நாம் கைதிக்கு நற்செய்தி கூறுகிறோம். வாயிலைத் திறந்துவிடும் காவலரின் பெயரைக் கேட்பதில்லை. அவருடைய வீட்டுக்கு ஆயர் செல்லும்போது வீட்டு ஜெபம் நடத்துகிறோம்; அவர் அன்று என்ன கண்டார், என்ன செய்யும்படி ஏவப்பட்டார் என்று கேட்பதில்லை. ராபன் தீவின் காவலர் வீடுகளுக்கும் ஆயர்கள் சென்றிருப்பர். அவர்களுள் எத்தனை பேர் அவ்வினாவைக் கேட்டிருப்பர்?

பிலிப்பியின் சிறைச்சாலைக்காரன் மறுநாள் காலையிலும் அதே வேலையில்தான் இருந்தான். அதிகாரிகளின் ஆணையைப் பவுலிடம் கொணர்ந்தவன் அவனே. அவனுடைய சீருடை மாறவில்லை. ஆனால் அவன் வீட்டார் இப்போது அறிந்திருந்தனர். யாருடைய காயம், யார் செய்தது, எவ்வாறு கழுவப்பட்டது என்பதை அவ்வீட்டுக் குழந்தைகளும் அறிந்திருந்தனர். அத்தகைய வீடுகளை உண்டாக்குவதே ஆயர் பணி.